மினுக்கும் விளக்கும் போர்வைக்காரரும்

காரின் முன் இருக்கைகளில் இரண்டு பேர் ஒரே கறுப்புப் போர்வைக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியே உச்சி வெயில் மண்டையைப் பிளக்கிறது. டேஷ்போர்டின் விளிம்பில் தொடங்கும் போர்வை இரண்டு தலைகளையும் மூடிக்கொண்டு இருக்கையின் முதுகுவரை போகிறது. வெளியில் நிற்பவர்களுக்கு முகம் தெரியாது. பேச்சு மட்டும் கேட்கும்.

"இப்ப லைட்டைப் போடுங்க சார்."

"போட்டுட்டேன்."

"மினுக்குதா?"

"இல்லையே, இப்ப ஒழுங்கா எரியுது!"

"டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுடும்ல, அந்தக் கதைதான். விடக்கூடாது. இண்டிகேட்டரைப் போடுங்க... அது வைப்பர் சார்."

டிக் டிக்கென்று இண்டிகேட்டர் அடிக்கத் தொடங்கியது. பிறகு போர்வைக்குள் ஒரு துள்ளல். "பார்த்தீங்களா, பார்த்தீங்களா! இண்டிகேட்டர் ஒவ்வொரு தடவை அடிக்கிறப்பவும் மீட்டர் லைட்டு மங்கி மங்கி எழுந்துக்குது. சபாஷ்! இதைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்." தன் கார் கெட்டுக் கிடப்பதற்கு எதற்குச் சபாஷ் என்று காரைக் கொண்டுவந்திருந்த வங்கி அதிகாரிக்கு விளங்கவில்லை. ஆனாலும் இருட்டுக்குள் அவரும் சேர்ந்து சிரித்துவிட்டார்.

சபாஷ் போட்டவர்தான் போர்வைக்காரர். கார்களின் மின்சார வேலை மட்டும் பார்ப்பவர், அதுவும் இருபத்திரண்டு வருஷமாக. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இல்லாமலா இருக்கும்? அதைச் சொல்லி அந்தத் தெருவில் விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். "போர்வைக்காரர்" என்றால் போதும், இஸ்திரி போடுகிறவர்கூடப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வழி காட்டுவார்.

போர்வை எதற்கு என்று கேட்காதவர் இல்லை. டேஷ்போர்டு விளக்கு பகல் வெளிச்சத்தில் எரிகிறதா இல்லையா என்பதே தெரியாது, மினுக்குவது எங்கே தெரியப்போகிறது? மற்ற பட்டறைக்காரர்கள் "சாயங்காலம் இருட்டினதும் கொண்டாங்க" என்று சொல்லிவிடுவார்கள். இவருக்கு அது ஒத்து வராது. ஆறு மணி அடித்தால் வீட்டில் இருக்க வேண்டும். கல்யாணமான புதிதில் மனைவி கேட்டது அது ஒன்றுதான், இவரும் வாக்குக் கொடுத்துவிட்டார். ஆகவே பகலிலேயே இருட்டைத் தயார் செய்துகொள்கிறார். மனைவி வீட்டில் கார் சீட்டுக்கு உறை தைப்பவர். மிச்சம் விழுந்த கறுப்புத் துணியை நான்கு மடிப்பாக்கி, ஓரம் அடித்து, இந்தப் போர்வையைத் தைத்துக் கொடுத்ததும் அவர்தான். "இருட்டு வேணும்னா நான் தைச்சுத் தர்றேன். அதுக்காக வீட்டுக்கு லேட்டா வராதீங்க" என்றாராம்.

பெண்கள் கார் கொண்டுவந்தால் போர்வை முழுவதும் அவர்களுக்கே. அவர்களை உள்ளே தனியாக உட்கார வைத்துவிட்டு, இவர் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியிலிருந்து "என்ன தெரியுதும்மா?" என்று கேட்டுக் கேட்டு வேலை பார்ப்பார். ஆண்களை விட அவர்கள் சொல்லும் தகவல்தான் உருப்படியாக இருக்கிறது என்பது அவர் கட்சி. "ஆம்பளைங்க 'ஒரு மாதிரியா ஆகுது'ம்பாங்க. என்ன மாதிரின்னா முழிப்பாங்க. அம்மாங்க அப்படியில்ல. 'மூணு தடவை மங்குச்சு, நாலாவது தடவை அணைஞ்சு எரிஞ்சுது'ன்னு கணக்கா சொல்லுவாங்க."

ஆள் ஒல்லி. சட்டைக்கு நான்கு பை. ஒன்றில் டெஸ்ட் லாம்ப், ஒன்றில் உப்புத்தாள், ஒன்றில் பல நிற ஒயர்த் துண்டுகள். நான்காவது பையில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது, துவைக்கும்போது மனைவிதான் கண்டுபிடிப்பார். வலது கைக் கட்டைவிரல் நகத்தை மட்டும் நீளமாக வளர்த்து வைத்திருக்கிறார். ஒயரின் மேல் தோலைச் சீவுவதற்கு உலகத்தில் அதைவிட நல்ல கருவி கிடையாதாம். "சாப்பிடுற கைங்க அது!" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வார். அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

மினுக்குகிற விளக்கு எங்கே இருந்தாலும் அவருக்கு இருப்புக் கொள்ளாது. ஒரு முறை முடிவெட்டும் கடையில் பாதித் தலையோடு உட்கார்ந்திருந்தபோது மேலே குழல் விளக்கு மினுக் மினுக்கென்று அடித்திருக்கிறது. கழுத்தில் கட்டிய துணியோடு அந்தச் சுழல் நாற்காலி மேலேயே ஏறி நின்று, ஸ்டார்ட்டரைத் திருகி, விளக்கைச் சரி செய்துவிட்டுத்தான் மீதித் தலையைக் கொடுத்தார். நாற்காலி சுற்றாமல் இருக்க முடிதிருத்துபவர் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாராம். இதைக் கேட்டால் "சும்மா இருக்க முடியலீங்க, கண்ணு உறுத்துது" என்பார்.

அவரிடம் கார் கொண்டுபோனால் முதலில் ஸ்பேனரைத் தொடவே மாட்டார். கேள்விதான். அதிலும் "என்ன கோளாறு?" என்று கேட்கமாட்டார். "மினுக்கினப்ப கூட என்னல்லாம் நடந்துச்சு?" என்றுதான் கேட்பார். மேடு பள்ளத்திலா, நின்றுகொண்டிருக்கும்போதா, பிரேக் மிதித்தாலா, ஹாரன் அடித்தாலா, மழை பெய்த மறுநாளா? "சும்மாவே மினுக்குதுங்க" என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு. "சும்மா எதுவும் மினுக்காதுங்க. வீட்டுக்குப் போய் நல்லா யோசிச்சுட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். கோபித்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. பாதிப் பேர் மறுநாள் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வருவார்கள்.

ஒரு பெரியவர் வந்தார். ஓய்வு பெற்ற நீதிமன்ற எழுத்தர். மிகவும் தயங்கித் தயங்கி, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "என் சம்சாரம் ஏறினாத்தான் மினுக்குது. நான் தனியா போனா ஒண்ணும் இல்ல" என்றார். இதற்கு முன் காட்டிய இரண்டு பட்டறைகளிலும் விழுந்து விழுந்து சிரித்து அனுப்பியிருக்கிறார்கள். போர்வைக்காரர் சிரிக்கவில்லை. "அம்மாவைக் கூட்டிட்டு வாங்க" என்றார். அம்மா வந்தார், ஏறினார், உட்கார்ந்தார், காலை நீட்டினார். அவ்வளவுதான், விளக்கு மினுக்கியது. டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு ஒயர்க் கட்டின் மேல் அந்த அம்மாவின் கால் பெருவிரல் போய்ப் பட்டுக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிக் கட்டிவிட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது. "ஆறு மாசமா என் ராசிதான் சரியில்லைன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு இந்த மனுஷன்" என்று அந்த அம்மா கணவரைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் நடித்துக் காட்டுவார் போர்வைக்காரர்.

இப்படி எல்லாம் நல்லதாகவே சொல்லிக்கொண்டு போனால் நம்பமாட்டீர்கள். குறையும் உண்டு, வாய்தான். கோளாறைக் கண்டுபிடித்ததும் சரி செய்துவிட்டுப் பேசாமல் இருக்க மாட்டார். யாரால் வந்தது என்று சொல்லியே ஆகவேண்டும். அதுவும் கார்க்காரர் முன்னால், நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, கையை ஆட்டி நடித்துச் சொல்வார். "இந்த ஒயரை முறுக்கினவன் இருக்கானே, அவன் கையில ஸ்பேனர் கொடுத்ததே தப்பு" என்பார். ஊரில் பாதி மெக்கானிக்குகளுக்கு அவரைக் கண்டால் ஆகாது. அவருக்கு அது பெரிய விஷயமாகவும் படவில்லை. ஒரு நாள் அந்த வாய் வீட்டு ஆள் மீதே போய் விழுந்தது.

அந்தத் தகரக் கொட்டகையை அவரும் மச்சினனும் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். மச்சினன் என்றால் மனைவியின் கூடப்பிறந்த தம்பி, காருக்குப் பெயிண்ட் அடிப்பவன். இடது பக்கம் இவருடைய பேட்டரிகளும் ஒயர்களும், வலது பக்கம் அவனுடைய பெயிண்ட் டப்பாக்களும் கம்ப்ரஸரும். பதினைந்து வருஷமாக அப்படித்தான். மச்சினன் பேசவே மாட்டான். அக்காள் கணவர் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவதால் அவனுக்குத் தேவையும் இருக்கவில்லை. மத்தியானம் ஒரே சாப்பாட்டுக் கேரியரைத் திறந்து வைத்து இரண்டு பேரும் சாப்பிடுவார்கள். அவர் கதை சொல்வார், அவன் "உம்" கொட்டுவான், நேரம் போவதே தெரியாது.

இரண்டு பேருக்கும் இடையில் வேலையில் ஒரு ஏற்பாடு உண்டு. அது புரிய வேண்டுமானால் எர்த்து என்றால் என்னவென்று தெரிய வேண்டும். பேட்டரியிலிருந்து விளக்குக்குப் போகும் கரண்ட் திரும்பி வர ஒரு வழி வேண்டும் அல்லவா, அந்த வழி காரின் தகடுதான். ஒயரின் நுனியில் இருக்கும் உலோக வளையத்தை ஒரு போல்ட் போட்டுத் தகட்டோடு இறுக்கியிருப்பார்கள். அதுதான் எர்த்து. வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் துருவோ பெயிண்டோ புகுந்துவிட்டால் விளக்குகள் தடுமாறத் தொடங்கும். ஆகவே அடிபட்ட கார் பெயிண்டுக்கு வந்தால், முதலில் போர்வைக்காரர் போல்ட்டைக் கழற்றி ஒயரை ஒதுக்குவார். மச்சினன் அந்த இடத்தில் காகித டேப்பை வட்டமாக வெட்டி ஒட்டுவான். உரிப்பதற்கு வசதியாக அதன் ஒரு ஓரத்தைக் காது மாதிரி நீட்டிவிடுவான். பெயிண்ட் அடித்துக் காய்ந்ததும் போர்வைக்காரர் காதைப் பிடித்து டேப்பை உரித்துவிட்டு, பளபளவென்று இருக்கும் தகட்டின் மேல் போல்ட்டை முடுக்குவார். போல்ட்டைக் கழற்றியவர்தான் டேப்பை உரிக்க வேண்டும். எத்தனையோ கார்களுக்கு இப்படித்தான் நடந்திருக்கிறது, ஒரு தகராறும் வந்தது கிடையாது.

டிரைவிங் டீச்சரின் காரில்தான் வினை வந்தது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்த அம்மாளின் காரை, கற்றுக்கொள்ள வந்த ஒருவர் கொண்டுபோய் மதில் சுவரில் சாத்திவிட்டார். இடது முன் மூலை நசுங்கிப் போயிற்று. மச்சினன் தகட்டை நிமிர்த்திப் பெயிண்ட் அடித்தான், இவர் ஒயர்களை மாட்டினார். ஒரு வாரத்தில் கார் திரும்பி வந்தது. டேஷ்போர்டில் விளக்குகள் மினுக்குகின்றன.

அன்றைக்கு மணி ஐந்தே முக்கால். போர்வைக்காரர் பானட்டைத் திறந்து எட்டிப் பார்த்தார். எர்த்து வளையம் பெயிண்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. ஸ்க்ரூடிரைவரால் வளையத்தைச் சுற்றி நான்கு சுரண்டு சுரண்டி, போல்ட்டை இன்னும் அரைச் சுற்று முடுக்கினார். மினுக்கல் நின்றுவிட்டது. அதோடு கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"டீச்சர், கோளாறு கார்ல இல்ல. எர்த்து மேலயே பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கான் பாருங்க நம்ம ஆளு! இவன் கையில ஸ்ப்ரே கன்னைக் கொடுத்தா, பக்கத்துல நிக்கிறவங்க மேலயும் ஒரு கோட்டு அடிச்சிட்டுத்தான் போவான்."

மச்சினன் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தான். கம்ப்ரஸரை அணைத்தான். "நான் டேப் ஒட்டினேன்" என்றான்.

"ஒட்டினியா? அப்ப டேப் எங்க? நடந்து போயிடுச்சா?"

டீச்சர் கொல்லென்று சிரித்துவிட்டார். மச்சினன் விறுவிறுவென்று வெளியே போய்விட்டான். அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவன்தான்.

நாற்பது நாள். இவர் இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம். நேருக்கு நேர் நின்றுகொண்டே அவன் அக்காவுக்குப் போன் போடுவான். "அக்கா, பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனர் என்னோடதுன்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு." அடுத்த நிமிஷம் இவர் போன் போடுவார். "உன் தம்பி ஸ்பேனரை யாரும் திங்கலைன்னு சொல்லு." மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கத்தினார்: "நான் என்ன ஒயரா, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல? உங்களுக்கு வாய் நீளம், அவனுக்கு ரோஷம் நீளம். எப்படியோ போங்க!" ஆனால் கேரியரை மட்டும் இரண்டாக்க மறுத்துவிட்டார். மச்சினன் முதலில் சாப்பிட்டுவிட்டு மீதியை மூடி வைப்பான். இவர் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். கதை சொல்ல ஆள் இல்லாமல் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு வாயோடு எழுந்துவிடுவார்.

"நான் சொன்னது நிஜம்தானே? பெயிண்ட் இருந்துச்சா இல்லையா?" என்று மனைவியிடம் தினமும் கேட்பார். மனைவி ஒரே பதிலைத்தான் சொல்வார். "பெயிண்ட் இருந்துச்சோ இல்லையோ, டீச்சர் இருந்தாங்கல்ல?"

கடைசியில் மச்சினன் ஊரின் மறுகோடியில் வேறு கொட்டகை பார்த்துவிட்டான். இடம் மாறப்போகிற செய்தியையும் அக்காள் மூலம்தான் சொல்லி அனுப்பினான். "போகட்டுமே, நமக்கும் இடம் தாராளமா இருக்கும்" என்றார் போர்வைக்காரர். சொல்லிவிட்டு அன்றைக்கெல்லாம் ஒரு ஃபியூஸை மூன்று முறை மாற்றி மாற்றிப் போட்டார். பதினைந்து வருஷம் பக்கத்தில் கேட்ட அந்த "உம்" இனிமேல் கேட்காது என்பதை அவரால் தாங்க முடியவில்லை. ஆனால் தப்பு அவன் மேல் இருக்கும்போது தான் எப்படி இறங்கிப் போவது என்பதுதான் அவர் மனத்தில் நின்றது.

சாமான் ஏற்றும் நாள் வந்தது. காலையிலேயே சிறிய லாரி ஒன்று கொட்டகை வாசலில் நின்றது. அதன் ஓட்டுநர் டீ குடிக்கப் போய்விட்டார். மச்சினன் டப்பாக்களை ஒவ்வொன்றாக ஏற்றினான். பெரிய கம்ப்ரஸரைப் பலகை வைத்துத் தனியாகவே உருட்டி மேலே தள்ளினான். கை கொடுக்க இவர் ஒரு எட்டு வைத்தார். அவன் திரும்பிப் பார்க்காததால் நின்றுவிட்டார். அந்த நேரம் பார்த்து, கூரை மேல் பெரிய எழுத்துப் பலகையோடு டிரைவிங் டீச்சரின் கார் வந்து நின்றது.

"அண்ணே, மறுபடியும் கண்ணடிக்குது!" என்றபடி இறங்கினார் டீச்சர். "நேத்து ஒரு அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருக்கேன். மீட்டர் லைட்டு மினுக்கினதும் ஸ்டியரிங்கை விட்டுட்டுக் கண்ணை மூடிக்கிட்டாங்க. என் காலடியில ஒரு பிரேக் இருந்ததால பிழைச்சோம்!"

"கூட என்ன நடந்துச்சு?"

"ஹெட்லைட் போட்டா ஜாஸ்தியாகுது. பிரேக் மிதிச்சா இன்னும் ஜாஸ்தியாகுது."

போர்வைக்காரருக்கு உடம்பில் ஒரு தெம்பு வந்தது. போர்வையை உதறி டீச்சரிடம் கொடுத்தார். டீச்சர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து தலையோடு மூடிக்கொண்டார். இவர் பானட்டைத் தூக்கி, கையிலிருந்த வோல்ட் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் கறுப்பு டெர்மினலிலும் மறுமுனையைத் தகட்டிலும் வைத்தார்.

"ஹெட்லைட் போடுங்க டீச்சர். பிரேக்கை மிதிங்க. என்ன தெரியுது?"

"ரெண்டு தடவை மங்குச்சு... இப்ப துடிக்குது அண்ணே, நிக்கவே மாட்டேங்குது!"

மீட்டரில் முள் கிடந்து ஆடியது. அசையாமல் கிடக்க வேண்டிய முள் அது. எர்த்துதான், சந்தேகமே இல்லை. மறுபடியும் அதே பெயிண்ட். போர்வைக்காரர் லாரிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "கேட்டுக்கிட்டியா மாப்ளே?" என்ற சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. முதலில் கழற்றிவிடுவோம், பிறகு சொல்வோம் என்று ஸ்பேனரைப் போட்டார். இந்த முறை மணி பத்தரை, அவசரம் ஒன்றும் இல்லை. போல்ட்டை முழுவதும் கழற்றி வளையத்தைத் தூக்கினார்.

"அண்ணே, எல்லாம் அணைஞ்சு போச்சு!" என்று போர்வைக்குள்ளிருந்து டீச்சர் குரல் கொடுத்தார்.

போர்வைக்காரர் இன்னும் குனிந்து பார்த்தார். வளையம் இருந்த இடத்தில் பெயிண்ட் வட்டமாக, கொஞ்சம் மேடாக இருந்தது. நீண்ட நகத்தை அதன் ஓரத்தில் கொடுத்தார். அது அப்படியே எழுந்து வந்தது. ஒரு நாணய அளவுக் காகித டேப். மேல் பக்கம் காரின் நிறம், அடிப் பக்கம் பசை. பிளேடால் கச்சிதமாக வெட்டிய வட்டம், நடுவில் போல்ட் குத்திய ஓட்டை, ஓரத்தில் உரிப்பதற்கான காது. அந்தக் காது பெயிண்டின் ஈரத்தில் உள்ளே மடங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. டேப்புக்கு அடியில் தகடு அப்பழுக்கில்லாமல் பளபளத்தது.

அவன் ஒட்டியிருக்கிறான். இவர்தான் உரிக்காமல் அதன் மேலேயே போல்ட்டை முடுக்கியிருக்கிறார். இத்தனை நாளும் கரண்ட் போல்ட்டின் திருகு மரை வழியாக எப்படியோ தட்டுத் தடுமாறிப் போய் வந்துகொண்டிருந்திருக்கிறது. இரண்டாம் முறை வந்தபோதும் கழற்றிப் பார்க்காமல் சுற்றிலும் சுரண்டிவிட்டு, ஊரைக் கூட்டிப் பேசியிருக்கிறார். அவருக்குக் காது இரண்டும் சுட்டன.

"என்னண்ணே, என்ன கண்டுபிடிச்சீங்க?"

டீச்சர் போர்வைக்குள் இருக்கிறார், ஒன்றும் தெரியாது. மச்சினன் லாரியில் முதுகைக் காட்டிக்கொண்டு கயிறு கட்டுகிறான். அந்தத் துண்டைச் சுருட்டி நான்காவது பையில் போட்டுக்கொண்டால் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியப்போவதில்லை. மனைவிக்கும் அது வெறும் குப்பைதான். "லூஸ் காண்டாக்ட், டீச்சர்" என்று சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. லாரியும் போய்விடும். போர்வைக்காரர் டேப்பைக் கட்டைவிரலில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கயிற்றின் கடைசி முடிச்சு விழப்போகிறது.

"டீச்சர், போர்வையை எடுத்துட்டு கொஞ்சம் இறங்கி வாங்க" என்றார்.

டீச்சரை அழைத்துக்கொண்டு நேரே லாரிக்கு அருகில் போனார். மச்சினன் திரும்பினான்.

"டீச்சர், அன்னிக்கு உங்க முன்னாடி ஒண்ணு சொன்னேனே, ஞாபகம் இருக்கா? எர்த்து மேல பெயிண்ட் அடிச்சிட்டான்னு."

"ஆமா அண்ணே. டேப் நடந்து போயிடுச்சான்னுகூடக் கேட்டீங்களே!"

"அது எங்கயும் போகல." கட்டைவிரலை நீட்டினார். "இந்தா இருக்கு. இவன் ஒழுங்கா ஒட்டியிருக்கான். உரிக்க வேண்டியவன் நான். உரிக்காம மேலயே முடுக்கிட்டேன். அன்னிக்கும் கழட்டிப் பார்க்காம, வீட்டுக்குப் போற அவசரத்துல சுரண்டிட்டு விட்டேன். உங்க கார் மினுக்கினது, நேத்து அந்த அம்மா கண்ணை மூடிக்கிட்டது, எல்லாம் என்னாலதான். இதுல இவன் மேல பழி வேற போட்டேன். அதுவும் உங்க எதிர்ல."

மச்சினன் லாரியிலிருந்து குதித்தான். டேப்பை வாங்கினான். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"காது மடங்கியிருக்கு" என்றான். நாற்பது நாளில் அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

"மடங்கித்தான் இருக்கு. அதனால என்ன? விரலால ஒரு தடவை தடவியிருந்தா தெரிஞ்சிருக்கும். தடவல. தப்பு என்னோடதுதான் மாப்ளே."

"டீச்சர் சிரிச்சாங்க, மாமா."

"தெரியும்."

"ஐயோ, நான் எதார்த்தமா சிரிச்சேங்க" என்று டீச்சர் பதறினார். "மன்னிச்சுக்குங்க தம்பி." மச்சினன் அவரைப் பார்த்துத் தலையை அசைத்தான். கோபம் இல்லை என்று அதற்குப் பொருள்.

போர்வைக்காரருக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் வாயும் வந்துவிட்டது. "இதுல ஒரு விசேஷம் பாருங்க டீச்சர், டேப் நடுவுல இருந்தும் லைட்டு எரிஞ்சிருக்கு! எப்படின்னு கேளுங்க. போல்ட்டுக்கு மரை இருக்குதுல்ல, அந்த மரை வழியா கரண்ட்டு என்ன பண்ணுதுன்னா..." இரண்டு கையையும் தூக்கிக் கரண்ட் போகும் வழியைக் காற்றில் வரையத் தொடங்கினார்.

மச்சினன் லாரியிலிருந்த ஒரு பெட்டிக்குள் கையைவிட்டுக் காகித டேப் சுருளை எடுத்தான். ஒரு சாண் இழுத்துப் பல்லால் கிழித்தான். மாமாவின் வாய் மேல், இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னம்வரை, நேராக ஒட்டினான். பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் காரின் கண்ணாடி ஓரத்தில் செய்வதுபோலக் கட்டைவிரலால் ஓரங்களை அழுத்தி நீவிவிட்டான். டீச்சர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். இந்த முறை சிரிக்கலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை.

மச்சினன் மறுபடியும் லாரியில் ஏறினான். கட்டிய கயிற்றை அவிழ்த்தான். கம்ப்ரஸரை விளிம்புவரை நகர்த்திக்கொண்டு வந்து, "பிடிங்க மாமா, கனம் ஜாஸ்தி" என்றான்.

போர்வைக்காரர் வாயில் ஒட்டிய டேப்பை எடுக்கவில்லை. இரண்டு கையையும் நீட்டிக் கம்ப்ரஸரின் கீழ் முனையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.